டெண்டருக்குள் அடித்த மணல்

1. இறக்கிய நாள்

என்ஜின் வந்த அன்றைக்கே டிரெய்லர் கரிசலில் புதைந்துவிட்டது. முந்தின நாள் நல்ல மழை. கோவில்பட்டிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் மைதானம் அது. அதற்கு முன்னால் உளுந்து விதைத்துக்கொண்டிருந்த நிலம். தார் ரோட்டை விட்டு இறங்கியதும் பின்சக்கரங்கள் அச்சு வரை போய்விட்டன. மேலே பழைய மீட்டர் கேஜ் நீராவி என்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கட்டியிருந்த சங்கிலி முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. டிரைவர் கீழே குதித்து, எட்டப் போய் நின்று பீடி பற்றவைத்தார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு மிஷின் செய்து கொடுக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் நான் சீனியர் ஃபிட்டர். நீராவி என்ஜினை ரயில் நிலையத்தில் நின்று பார்த்ததோடு சரி, கை வைத்தது கிடையாது. எங்கள் முதலாளி தங்கராஜ் அண்ணாச்சிதான் இந்த வேலையைப் பிடித்தார். கல்லூரி வாசலில் ஒரு மேடை கட்டி அதன்மேல் என்ஜினை நிறுத்த வேண்டும், பழைய காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே சரிசெய்து. ஏலத்தில் எடுத்த என்ஜின். பித்தளை என்று சொல்ல ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. புகைப்பெட்டிக்குள் குளவிக் கூடு. டிரைவர் நின்று ஓட்டுகிற ஃபுட்பிளேட்டில் எருக்கு முளைத்திருந்தது.

“என்ன செல்லையா, மலைச்சுப் போயி நிக்க?” என்றார் முதலாளி. “இதும் இரும்புதான. மிஷின் செய்யுதவனுக்கு இது என்ன பெரிய வேலை?”

கிரேன் வரவழைத்து, சல்லி கொட்டி, ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, ஒரு வழியாக இறக்கினோம். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் அவ்வளவு நேரமும் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். இறக்கி முடித்ததும் நேராக வந்து என்ஜினின் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தார். பெயர் வெங்கடேசன். ரயில்வேயில் மெக்கானிக்கல் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மதுரையில் குடியிருந்தார். என்ஜின் அசலாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கல்லூரிக்காரர்கள் அவரை ஆலோசகராக வைத்திருந்தார்கள்.

“இது இனிமே ஓடாது” என்று என்னிடம் சொன்னார். “ஆனா பாக்குறவன் கண்ணுக்கு, ஓடிக்கிட்டிருந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கணும். ஒரு போல்ட்டு தலை மாறினாலும் எனக்குத் தெரிஞ்சிரும்.”

இவரோடு காலம் தள்ளுவது கஷ்டம் என்று அன்றைக்கு நினைத்தேன். அது தப்பு. அவரைவிடத் தன்மையான மனிதரோடு நான் வேலை செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரையும் காட்டி என்னால் மனசை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

2. பெயின்டுக்குள் பெயின்ட்

முதல் வாரம் வெங்கடேசன் சார் எங்களை ஸ்பேனரையே தொடவிடவில்லை. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கேபின் பக்கவாட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மேலே அலுமினிய பெயின்ட். அதன்கீழ் கறுப்பு. பிறகு ரெட் ஆக்சைடு. மறுபடியும் கறுப்பு. அதற்கும் அடியில் கரும்பச்சையும் நூல் போல ஒரு மஞ்சள் கோடும். மரத்தின் வயதை வளையத்தில் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அசல் அசல்னு எல்லாரும் சொல்றாங்க. எந்த அசல்? புதுசா வந்தப்ப ஒண்ணு, ஷெட்டுல பத்துத் தடவ அடிச்சதுக்கு அப்புறம் ஒண்ணு. ஏதாவது ஒரு காலத்தை நாம முடிவு பண்ணணும். பண்ணிட்டா, அந்தக் காலத்துக்கு ஒவ்வாத எதுவும் இதுல இருக்கக் கூடாது.”

அவர் தேர்ந்தெடுத்தது என்ஜின் பச்சை நிறத்தில் ஓடிய காலம். தன்னிடமிருந்த புகைப்படங்களை எங்கள் முன்னால் பரப்பி, புகைபோக்கியின் விளிம்பு எவ்வளவு மடங்கியிருக்கிறது, விளக்கின் தாங்கி எந்தப் பக்கம் வளைகிறது என்று காட்டுவார். விளிம்புக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து ஊரிலேயே ஒரு பவுண்டரியில் வார்த்தோம். முதல் வார்ப்பு கொஞ்சம் தடித்துப் போயிற்று. சார் புகைப்படத்தை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாங்களே உடைத்து மறுபடி வார்த்தோம். வெல்டிங் போட்டால் கோடு தெரியும் என்பதால் ரிவெட் அடிக்கப் பழகினோம். மத்தியானம் எங்களோடு தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். நான் இத்தனை வருஷம் செய்த வேலைகளில் மனசு நிறைந்து செய்தது அந்த மாதங்களில்தான்.

அப்போதுதான் பொன்னுச்சாமி வந்தான். சட்டத்திலும் சக்கரங்களிலும் இருந்த துருவை எடுக்க சாண்ட் பிளாஸ்டிங் செய்ய வேண்டும். காற்றை அழுத்தி, மணலைக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடித்தால் துரு உதிர்ந்து இரும்பு வெள்ளையாகத் தெரியும். தூத்துக்குடியில் அந்த வேலை பழகியவன் அவன். கடம்பூருக்குப் பக்கத்துக் கிராமம். ஆடு மேய்க்கிற குடும்பம். அண்ணன் இன்னும் கிடை போட்டுக்கொண்டிருந்தான். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் ஆட்டை நம்பி இரண்டு குடும்பம் பிழைக்காது என்று இவன் கம்பைக் கீழே போட்டுவிட்டு வந்தவன். முப்பதைத் தாண்டவில்லை. நல்ல உயரம். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் இந்தக் கோடிக்குக் கேட்கும், அப்படிக் குரல்.

3. டெண்டர்

என்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் கொண்டுபோகிற பெட்டிக்கு டெண்டர் என்று பெயர். எங்கள் டெண்டரின் தண்ணீர்த் தொட்டி உள்ளிருந்தே துருவேறி, வெளியே ஊசி ஊசியாக ஓட்டை விழுந்திருந்தது.

“வெட்டிப் போட்டுட்டுப் புதுத் தகடு வச்சிருவோம் சார்” என்றார் முதலாளி. “மேல ரிவெட்டு மாதிரி குமிழு ஒட்டிட்டா யாருக்குத் தெரியப்போவுது?”

சார் தொட்டியின் மேல் வரிசையாக இருந்த ரிவெட் தலைகளைத் தடவிக்கொண்டே நின்றார். “இது ஒவ்வொண்ணும் ஒருத்தன் சூடா புடிக்க, ஒருத்தன் அடிச்சது தங்கராஜ். இத வெட்டி எறிஞ்சிட்டா அப்புறம் இது டெண்டர் இல்ல, டெண்டர் மாதிரி ஒரு பெட்டி.”

“வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?”

“உள்பக்கமா தகடு குடுத்து வெல்டிங்ல தைக்கலாம். வெளிய ஒண்ணும் மாறாது. ஆனா உள்ள துரு பூரா போகணும். கம்பி பிரஷ்ஷுக்குப் போகாது.”

எல்லோரும் தொட்டியின் வாயைப் பார்த்தோம். ஒரு ஆள் தோளைக் குறுக்கி இறங்கலாம். உள்ளே தண்ணீர் அலையாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள். நிமிர்ந்து நிற்க முடியாது. வேறு திறப்பும் கிடையாது.

“நான் எறங்குதேன் சார்” என்றான் பொன்னுச்சாமி. “தூத்துக்குடியில கப்பல் டேங்குக்குள்ளயே எறங்கியிருக்கேன். இது என்ன, எங்க ஊரு கெணத்துல பாதி.”

சாரின் முகம் மலர்ந்தது. அவன் தோளில் தட்டினார். அந்தத் தட்டலில் ஒரு பொய்யும் இல்லை.

கோடை தொடங்கியிருந்தது. வைப்பாற்று மணலைச் சலித்து, தார்ப்பாயில் காயவைத்து, பாட் என்கிற உருளைக்குள் நிரப்புவோம். பொன்னுச்சாமி குழாயை இழுத்துக்கொண்டு இறங்குவான். தலைக்குக் கித்தான் பை. கண்ணுக்கு நேரே அதில் ஒரு கண்ணாடித் துண்டு தைத்திருக்கும். மூக்கில் நனைத்த துண்டு. உள்ளிருந்து சுத்தியலால் தகட்டைத் தட்டினால் நான் வால்வைத் திறக்க வேண்டும், மறுபடி தட்டினால் மூட வேண்டும். திறந்த மாத்திரத்தில் தொட்டியின் வாயிலிருந்து வெள்ளையாகப் புழுதி கொப்பளிக்கும். மேல்காற்று அடித்தால் கல்லூரிக் கட்டடம்கூடத் தெரியாது.

சார் காற்றுக்கு மேல்பக்கமாகக் கைக்குட்டையோடு நிற்பார். அவன் வெளியே தலை நீட்டும்போதெல்லாம் ஒன்றுதான் சொல்வார்: “ஒரே எடத்துல புடிக்காத பொன்னுச்சாமி. தகடு தேஞ்சு போயிரும்.”

“தேயாது சார். பாத்துத்தான் அடிக்கேன்.”

வெளியே வரும்போது இமை, மீசை எல்லாம் வெளுத்திருக்கும். “என்னலே, கெழடு தட்டிட்டு?” என்பேன். “ஆமா அண்ணாச்சி, வீட்டுல பாத்தா உள்ள விட மாட்டா” என்பான். சிரிப்பான், சிரிப்பு இருமலில் போய் நிற்கும். மெடிக்கல் கடையில் துணி மாஸ்க் வாங்கி வரச் சொன்னேன். முதலாளி மறுக்காமல் வாங்கித் தந்தார். வேர்வையில் அது ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டு மூச்சை அடைத்ததால் கழற்றி எறிந்தான்.

கருப்பட்டி தின்றால் தூசி இறங்கிவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் நம்பிக்கை. முதலாளி தினமும் வாங்கி வைப்பார். சார் மதுரையிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து அவனிடம் தனியாகக் கொடுப்பார். “தின்னுக்க, தின்னுக்க. நெஞ்சுக்கு நல்லது.” அவனும் கடமையாகத் தின்றான். இரண்டு கோடை மாதமும் அந்தத் தொட்டிக்குள்தான் கிடந்தான். கடைசியில் உள்ளே விளக்கைக் காட்டியபோது, இரும்பு புதுத் தகடு மாதிரி வெளுத்து மினுங்கியது. உள்பக்கம் தகடு வைத்துத் தையல் போட்டோம். வெளியே ஒரு ரிவெட்டும் கெடவில்லை.

4. திறப்பு

மேடை கட்டுவதற்கு வேறு ஆட்கள். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும், கொஞ்சம் ஏமாந்தாலும் மேலே இருப்பதைச் சாய்த்துவிடும். அதனால் வெடிப்புக்குக் கீழே, சுக்கான் பாறை தட்டுகிற வரை தோண்டி அஸ்திவாரம் போட்டார்கள். என்ஜின் ஏறி உட்கார்ந்தது. கரும்பச்சை, மஞ்சள் கோடு, முன்னால் குறுக்கே சிவப்பு பஃபர் பீம். மஞ்சள் கோட்டைச் சார் தன் கையாலேயே இழுத்தார்.

திறப்பு விழாவுக்குப் பந்தல், மைக், மாலை. கல்லூரித் தலைவர் கத்தரித்த ரிப்பனில் ஒரு துண்டைச் சார் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எங்களை எல்லாம் ஃபுட்பிளேட்டில் ஏற்றிப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

“பொன்னுச்சாமி எங்க?”

அவன் வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். போய்க் கூப்பிட்டேன்.

“நீங்க எடுங்க அண்ணாச்சி. ஏணிப்படி ஏறுனா எளைக்கி. காய்ச்ச விட்ட ஒடம்பு, அதான்.”

போட்டோவில் அவன் இல்லை.

5. என்ன வேல செய்யுதாவ

அதற்குப் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. சளிக் காய்ச்சல் என்றார்கள், பிறகு டி.பி. என்றார்கள். பக்கத்து டவுனில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாதக்கணக்கில் விழுங்கினான். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தும் மாத்திரையை நிறுத்தவில்லை. இளைத்துக்கொண்டே போனான். பார்க்கப் போனபோது சட்டை, கொடியில் காயப்போட்டதுபோல உடம்பில் தொங்கியது. அவன் மனைவி முத்துலட்சுமி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். வேலையை விட்டுவிட்டு அவனைத் தூக்கி உட்காரவைப்பதும் முதுகைத் தடவுவதுமாக இருந்தாள்.

நானும் அவளுமாகத் திருநெல்வேலிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டருக்குச் சின்ன வயசுதான். படத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“இவிய என்ன வேல செய்யுதாவ?”

அத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்.

நான் சொன்னேன். மணல், டெண்டர், கித்தான் பை எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என்னைத் தனியே வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போனார். மணல் தூள் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது, அது இருக்கிற இடமெல்லாம் தழும்பாகி நுரையீரல் கல் மாதிரி இறுகிக்கொண்டு வருகிறது என்றார். தூத்துக்குடியில் போனது எவ்வளவு, இங்கே போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூடின தொட்டிக்குள் அடித்ததுதான் இவ்வளவு வேகத்துக்குக் காரணமாக இருக்கும்.

“மருந்து?” என்றேன்.

“இருந்தா வெளிய கூட்டி வந்து சொல்லுவனா அண்ணாச்சி?”

கருப்பட்டியைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

6. சார் படித்த புத்தகம்

மதுரைக்குப் போய்ச் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுநாளே கிளம்பி வந்துவிட்டார். கடம்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கிராமத்துக்குப் போனோம்.

பொன்னுச்சாமி கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். அவன் அண்ணன் ஆடுகளை வெளியே பட்டியில் அடைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றான். முத்துலட்சுமி சாருக்கு நாற்காலி போட்டாள். சார் அதில் உட்காராமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார்” என்றான் பொன்னுச்சாமி. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்றான். “டாக்டர்... மணலுதான்னு சொல்லுதாரு. மணலு... இப்படிச் செய்யும்னு... ஒங்களுக்குத் தெரியுமா சார்?”

குறை சொல்கிற குரல் இல்லை அது. படித்தவரிடம் விவரம் கேட்கிற குரல்.

சார் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்கள் எல்லோரும் நம்பியிருப்போம்.

“படிச்சிருக்கேன் பொன்னுச்சாமி” என்றார். “சீமையில இந்த மாதிரி என்ஜின் பழுது பாக்குறவங்க எழுதின புத்தகம் என்கிட்ட இருக்கு. மணல் அடிக்கக் கூடாது, அங்க அதுக்குச் சட்டமே இருக்குன்னு அதுல ஒரு வரி வரும். வேற என்னென்னவோ வச்சு அடிப்பாங்கன்னு போட்டிருக்கும். நான் அதைத் தாண்டிப் போயிட்டேன். ரிவெட்டப் பத்தி, பெயின்டப் பத்தி இருக்கிற பக்கத்த மனப்பாடமா படிச்சேன். இது நம்ம ஊருக்கு இல்லன்னு நெனச்சேனோ என்னவோ. நெனச்சேனான்னுகூடத் தெரியல.”

“படிச்சிருக்கீக” என்றாள் முத்துலட்சுமி. சத்தம் போடவில்லை. “தகடு தேஞ்சிரும் தேஞ்சிரும்னு நீங்க சொன்னத இவிய வீட்டுல வந்து சொல்லிச் சிரிப்பாவ. சார் எம்புட்டுப் பொறுப்பா பாக்காவன்னு. தகடு தேயுறது தெரிஞ்சது சார் ஒங்களுக்கு.”

சார் அவன் கையை மெல்லக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலுக்கு வந்தபோது பொன்னுச்சாமி உள்ளிருந்து ஏதோ சொன்னான். என்ன என்று திரும்பிப் போனேன்.

“சாருக்குக் காப்பி... குடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. வெயில்ல வந்திருக்காவ.”

முத்துலட்சுமி காப்பி போட்டாள். சார் நின்றுகொண்டே குடித்தார். அதைவிடக் கஷ்டமான காரியம் அவர் வாழ்க்கையில் செய்திருக்க மாட்டார்.

பருத்தி வெடிக்கிற சமயத்தில் பொன்னுச்சாமி இறந்துபோனான். கடைசி வாரம் அவன் ராத்திரியும் பகலும் உட்கார்ந்தே இருந்தான் என்று அவன் அண்ணன் சொன்னான். சார் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொண்டுவந்த பணத்தை முத்துலட்சுமி தொடவில்லை. மறுபடி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகத் தொடங்கினாள். ஆபீஸ் வேன் கல்லூரி வழியாகத்தான் போகும். அந்த இடம் வரும்போது எந்தப் பக்கம் பார்ப்பாள் என்று நான் அவளிடம் கேட்டதில்லை.

சார் அதற்குப் பிறகு எந்த என்ஜினுக்கும் ஆலோசனை சொல்லப் போகவில்லை. இரண்டு இடத்திலிருந்து வந்து கூப்பிட்டார்கள். கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் கண் நன்றாகத்தான் இருந்தது.

7. பிறகு

சில வருஷம் கழித்துக் கல்லூரிக்குப் புது நிர்வாகம் வந்தது. பச்சை மங்கலாக இருக்கிறது, போட்டோவில் எடுப்பாக இல்லை என்று ஆண்டு விழாவுக்காக என்ஜினுக்கு நீலமும் ஆரஞ்சும் அடித்தார்கள். ரிவெட் தலைகளுக்குத் தனியாக வெள்ளி பெயின்ட். பார்த்துவிட்டுச் சாருக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அந்தக் கோபம் கேட்பதற்காகவே கூப்பிட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

“பரவாயில்ல செல்லையா. பெயின்ட்தான” என்றார்.

என்னைப் போலப் பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும்போது, இளையவர்களுக்கு ஒரு பாடம் சொல்லி முடிப்பது வழக்கம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு வேலையை எடுக்கும்போது பொருள் என்ன ஆகும் என்று கேட்பதற்கு முன்னால், அதைச் செய்கிறவன் மூச்சுக்குள் என்ன போகும் என்று கேளுங்கள். உலர்ந்த மணலை அடிக்காதீர்கள். மணலுக்குப் பதில் இரும்புத் தூள் இருக்கிறது, தலையில் மாட்டிக்கொண்டால் தனியாகக் காற்று கொடுக்கிற ஹூட் இருக்கிறது. அது இல்லாவிட்டால் தகட்டை வெட்டி எறியுங்கள், குமிழை ஒட்டுங்கள், பொய்யான டெண்டர் செய்யுங்கள். இதைச் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. ஒரு ஆள் போக வேண்டியிருந்தது.

சொன்னால் கேட்பார்களா என்றால், போய்ச் சொல்லிப் பார்த்தேன். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் முளைத்த சமயம். ரோட்டோரம் ஒரு யார்டில் காற்றாலைத் தூணுக்கான பெரிய இரும்பு உருளைகளைப் படுக்கப்போட்டு உள்ளே மணல் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புழுதி ரோட்டைக் கடந்து போயிற்று. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். முகத்தில் துண்டு கட்டிய ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆள் பெயர், ஊர், டாக்டர் சொன்னது, எல்லாம். டீ ஆறும்வரை கவனமாகத்தான் கேட்டார்.

“நெசந்தான் அண்ணாச்சி” என்றார். “எங்கூட வேல பாத்த ரெண்டு பேரு இப்படித்தான் போனாங்க. டி.பி.ன்னு சொன்னாங்க.”

“தெரிஞ்சுமா உள்ள போறீங்க?”

“நாளைக்கு வேற வேல குடுப்பீங்களா?”

அவர் கொஞ்ச நேரம் என் பதிலுக்காகக் காத்திருந்தார். பிறகு கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, துண்டை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, குனிந்து உருளைக்குள் போனார். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது.